முதலாளியின் மூலைமட்டம்

பணி ஓய்வு பெற்ற அன்று பட்டறைப் பிள்ளைகள் என்னிடம் ஒன்று கேட்டார்கள். பழைய கைக்கருவிகளையெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, பட்டறை வாசலில் வைக்கப் போகிறார்களாம். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் போடுகிறார்களாம். "முப்பத்தாறு வருசம் இருந்தது நீங்கதான். மூலைமட்டத்தப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்கக்கா," என்றார்கள். சரி என்றேன். பாராட்டி எழுத என்னிடம் நிறையவே இருந்தது. முதல் பக்கத்தை எழுதியும் வைத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது வேறு. வரிகள் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தச்சு வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூலைமட்டம் என்பது ஒரு மரக்கட்டையில் இரும்புத் தகடு ஒன்று செங்குத்தாகப் பதிந்திருக்கும் சின்னக் கருவி. கட்டையைப் பலகையின் ஓரத்தில் அணைத்துப் பிடித்து, தகட்டோரமாகக் கோடு இழுத்தால், அந்தக் கோடு ஓரத்துக்கு நேர்குத்தாக நிற்கும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. ஆனால் ஒரு கதவானாலும் சன்னலானாலும் படிக்கட்டானாலும் அந்த ஒரு கோட்டில்தான் தொடங்கும். கோடு பொய்யானால் பிறகு எத்தனை அழகாக இழைத்தாலும் பயனில்லை.

எங்கள் முதலாளியிடம் ஒரு மூலைமட்டம் இருந்தது. கட்டை ஈட்டிமரம். அதன் உள்முகத்தில் பித்தளை பதித்திருக்கும். ஒன்பது அங்குல எஃகுத் தகடு, அதை இறுக்கி மூன்று பித்தளை ஆணிகள். கட்டையில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். அவருடைய தகப்பனார் நாகூரிலிருந்து கப்பலில் வந்தபோது கொண்டுவந்தது என்று சொல்வார். பச்சைத் துணி ஒட்டிய பெட்டியில், மேசைக்கு மேலே தனித் தட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படுமுன் அவரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து வைப்பார். ஆயுத பூசைக்கு மற்ற எல்லாக் கருவிகளும் சந்தனம் வாங்கும். முதலாளி முஸ்லிம்தான், ஆனால் பூசை நாளில் பட்டறையை ஆசாரிகளிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "எம்மட்டத்துக்குப் பொட்டு வைக்காதீங்கப்பா. சாமி கோவிச்சுக்காது. இரும்புதான் கோவிச்சுக்கும், துரு புடிச்சுரும்," என்பார்.

நான் அங்கே சேர்ந்தது எழுத்து வேலைக்கு. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்து, ஒரு துணிக்கடையில் சில வருடம் நின்றுவிட்டு, இருபத்திரண்டு வயதில் போனேன். பட்டறை அப்போது ஜியார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளியின் மேசைக்குப் பின்னால் ஒரு நாள்காட்டி தொங்கும். தினமும் காலையில் அதை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். மூன்றாவது மாதம் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"எழுதறத வேற ஆளு எழுதட்டும். நீ உள்ள வந்து பாரு புள்ள," என்றார்.

அப்படித்தான் நான் பார்வைக்காரி ஆனேன். முடிந்த வேலை ஒவ்வொன்றையும் மட்டம் வைத்துப் பார்த்து, சரியா இல்லையா என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆசாரிகளுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. "பொம்பளப் புள்ள கையில மட்டத்தக் குடுத்துட்டாரு. இனி நம்ம பொழப்பே நேராயிரும் லா," என்று சிரிக்க வைத்தவர் மாணிக்கம் அண்ணன். எட்டு ஆசாரிகளில் கை சுத்தமானவர் அவர்தான். பென்சிலால் குறிக்க மாட்டார். கத்தி முனையால்தான் கோடு போடுவார். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, ரம்பம் அதில் எந்தப் பக்கம் போவது என்று குழம்பும், கத்திக் கோடு குழப்பாது என்பார். ஒரு சட்டத்தைத் தூரத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மேல எடது மூல கொஞ்சம் தூங்குது," என்று சொல்வார். மட்டம் வைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

முதலாளி யாரையும் திட்டியதில்லை. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தப்பான வேலையைக் கண்டால் மட்டத்தை அந்த மூலையில் வைப்பார். வைத்துவிட்டு, நாம் குனிந்து பார்ப்பதற்கு இடம் விட்டு ஓர் அடி விலகி நிற்பார். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். நாம் நிமிரும்வரை பேச மாட்டார். நிமிர்ந்த பிறகும் பேச மாட்டார். திட்டு வாங்குவதே தேவலை என்று தோன்றும்.

திங்கட்கிழமை காலையில் ஒரு வழக்கம். ஆசாரிகள் எல்லாரும் அவரவர் மூலைமட்டத்தைக் கொண்டுவர வேண்டும். நான் பெட்டியைத் திறந்து முதலாளியின் மட்டத்தை எடுப்பேன். அதன் உள்மூலையில் அவர்களுடைய மட்டத்தின் வெளிமூலையைப் பொருத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். ஒளி எங்கும் கசியாவிட்டால் சரி. நுனியில் கசிந்தால் நோட்டில் 'நுனி' என்று எழுதுவேன், மூலையில் கசிந்தால் 'மூலை' என்று. உடையவர் அரத்தை எடுத்து ராவிச் சரிசெய்து, மறுபடியும் கொண்டுவந்து காட்டுவார்.

மட்டம் உண்மையானதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. அதையும் எனக்குச் சொல்லித் தந்தது முதலாளிதான். ஒரு கோடு இழு. மட்டத்தைத் திருப்பிப் போடு. அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விலகினால், அது சொல்லும் பொய் இரண்டு மடங்காகத் தெரியும். இதற்கு வேறு கருவி வேண்டாம், வேறு ஆள் வேண்டாம். கடையிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு மட்டத்தையும் இப்படித் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுவோம்.

முதலாளியின் மட்டத்தை மட்டும் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? மற்றதெல்லாம் சரியா என்று சொல்வதே அதுதானே.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டுக்கு வேலை எடுத்தோம். மாடியில் எட்டு சன்னல். கறையான் தின்ற பழைய சட்டங்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். மாணிக்கம் அண்ணன் அங்கேயே இருந்து சட்டங்களைச் செய்து பொருத்தினார். ஒரு மாதத்துக்கு மேல் பட்டறைப் பக்கமே அவர் வரவில்லை. சன்னல் கதவுகளை மற்ற ஆசாரிகள் பட்டறையில் செய்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பட்டறை ஜெலுத்தோங்குக்கு மாறியிருந்தது.

கதவுகளை ஏற்றிக்கொண்டு போய் மாட்டினோம். ஒன்றும் மூடவில்லை. மேலே ஒரு பக்கம் இடிக்கிறது, கீழே மறுபக்கம் இடைவெளி விடுகிறது. நாலு அடி உயரத்தில் ஐந்து மில்லிமீட்டர் கோணல். எட்டுக்கு எட்டும் அப்படியே.

முதலாளி வந்தார். பெட்டியைத் திறந்து மட்டத்தை எடுத்தார். முதலில் ஒரு கதவில் வைத்தார். வெளிச்சம் இல்லை. பிறகு சட்டத்தின் மேல் மூலையில் வைத்துவிட்டு ஓர் அடி விலகி நின்றார். மாணிக்கம் அண்ணன் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மூலையில் வெளிச்சம்.

"எங்கண்ணுக்கு நேராத்தான் தெரியுது மொதலாளி," என்றார் மாணிக்கம் அண்ணன்.

முதலாளி அவருடைய மட்டத்தைக் கேட்டு வாங்கித் தன் மட்டத்தோடு பொருத்திக் காட்டினார். நுனியில் ஒளி கசிந்தது. "ஒன்னோடது கெட்டிருக்கு. ஒரு மாசமா திங்கக்கெழம வரலயில்ல நீ. வேறொண்ணுமில்ல," என்றார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

மாணிக்கம் அண்ணன் சுவரையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து நூல் கயிற்றை எடுத்தார். "மூலைக்கு மூலை கயிறு புடிச்சுப் பாத்துருவோம் மொதலாளி. ரெண்டு பக்கமும் ஒரே நீளம்னா சட்டம் நேரு. இல்லன்னா நானே ஒடைக்கிறேன்," என்று சொல்லி, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பிடித்தேன். சட்டத்தின் கீழ் மூலைக்குக் கொண்டுபோய் விரலால் அழுத்தியும் விட்டேன்.

முதலாளி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது இருக்கயில கயிறு எதுக்கு புள்ள?"

நான் விட்டுவிட்டேன். கயிறு தரையில் விழுந்தது. மாணிக்கம் அண்ணன் அதைச் சுற்றி மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டார். நோட்டில் 'சட்டம் எட்டும் மட்டமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே அவருடைய மட்டத்தையும் ராவிச் சரிசெய்தார்கள்.

நாலு நாள் மாணிக்கம் அண்ணன் எட்டுச் சட்டத்தையும் கதவுக்கு ஏற்றபடி சீவினார். அந்த நாலு நாளும் அவர் வாயிலிருந்து ஒரு கேலிகூட வரவில்லை. அதன் பிறகு பட்டறையிலும் எதைச் செய்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு தடவை, மூன்று தடவை அளப்பார். ஒருநாள் என்னிடம், "கண்ணு டாக்டரப் பாத்தேன் ரீத்தா. கண்ணாடியெல்லாம் வேணாம், நல்லாருக்குன்னுட்டாரு. அப்புறம் ஏன் இப்படின்னு தெரியல," என்றார். நாலு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, தொழிற்சாலைப் பேருந்து ஓட்டப் போய்விட்டார். இழைப்புளியை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். பிள்ளைகளே, கண்ணாடிப் பெட்டிக்காக நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களே, பிடியில் கயிறு சுற்றியது, அது அவருடையது.

இரண்டு வருடத்தில் முதலாளியும் பட்டறையை மகனிடம் விட்டார். பெரிய அறுவை இயந்திரங்கள் வந்தன. திங்கட்கிழமை வழக்கம் நின்றது. போகும்போது முதலாளி மட்டத்தைப் பெட்டியோடு என் கையில் கொடுத்தார். "இதுக்கு ஒன்னய விட்டா யாரு புள்ள," என்றார். எனக்குக் கிடைத்த பெரிய விருதாக அதை வீட்டில் அலமாரியில் வைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டேன். அவர் மறைந்து ஆறு வருடமாகிறது.

இனி மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஜெனிக்கு இருபத்தெட்டு வயது. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சோதிக்கும் அறையில் வேலை. தினமும் காரில் கடல் பாலத்தைக் கடந்து போகிறாள். மழை பெய்தால் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் செய்தி அனுப்பும்வரை ஒரு வேலையும் ஓடாது. நான் ஓய்வு பெற்றதும் அந்த மட்டத்தைத் தன் மேசையில் அழகுக்கு வைத்துக்கொள்ளக் கேட்டாள். எனக்குப் பெருமை. கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் வந்தவள் சரியாகப் பேசவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். எனக்கு என்னென்னவோ தோன்றியது. காடியை எங்கேயோ இடித்துவிட்டாள், வேலை போய்விட்டது, இல்லாவிட்டால் யாரோ ஒருவன். மூன்றாம் நாள் மாலை, பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கதானே."

"சொல்லு. யாரு அந்தப் பையன்?"

"ஐயோ, பையன் இல்லம்மா. மட்டம்." ஒரு மூச்சு விட்டாள். "சும்மா வெளையாட்டுக்குத்தான். 'ஒங்கம்மா மட்டம் பாஸா ஃபெயிலா'ன்னு கூட இருக்கறவங்க கேட்டாங்க. அளவு பாக்கற கருங்கல் மேசமேல வச்சுப் பாத்தோம். அது வெளிப்பக்கமா சாஞ்சிருக்கு. ஒம்போது இன்ச்சுல ஏறக்கொறைய ஒரு மில்லி."

"ஒரு மில்லிதானே."

"எங்க ரூம்ல அது ஒரு கிலோமீட்டர் மா."

நான் நம்பவில்லை. கல் மேசை தப்பாக இருக்கும் என்றேன். குளிரூட்டிய அறையில் மரம் சுருங்கியிருக்கும் என்றேன். நானே எழுந்துபோய் அலமாரியின் இழுப்பறையை உருவிக் கொண்டுவந்தேன். அதன் பின்பலகையில், ஓரம் நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, மட்டத்தை அணைத்து ஒரு கோடு இழுத்தேன். திருப்பிப் போட்டேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த மட்டத்தைத் திருப்பிப் போட்டேன். அதே புள்ளியில் பென்சிலை வைத்து இழுத்தேன்.

இரண்டு கோடுகளும் அடியில் ஒன்றாகப் புறப்பட்டு, நுனியில் ஒரு அரிசி நுழையும் அளவுக்குப் பிரிந்து நின்றன.

மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் பிரிந்தன. ஜெனி என் கையிலிருந்த பென்சிலை வாங்கி வைத்தாள்.

"எப்ப கெட்டுச்சுன்னு கருவி சொல்லாது மா. அலமாரியில இருந்தப்பக்கூட இருக்கலாம்," என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். பிறகு, அவள் தொழிலே அதுவானதால், கேட்டாள். "எப்பவாச்சும் கீழ விழுந்துச்சா?"

விழுந்தது. பட்டறையை ஜெலுத்தோங்குக்கு மாற்றிய அன்று விழுந்தது. சாமான்களெல்லாம் லாரியின் பின்தட்டில் போயின. இந்தப் பெட்டியை மட்டும் நான் முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். குறுக்கே வந்த மோட்டார் சைக்கிளுக்காக ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பெட்டி மடியிலிருந்து சரிந்து, கதவோர இரும்பு விளிம்பில் போய் மோதியது. இறங்கியதும் முதலாளியிடம் சொன்னேன். அவர் திறந்து எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, கைக்குட்டையால் துடைத்து, "ஒரு கீறல்கூட இல்ல. பரவால்ல," என்று வைத்துவிட்டார்.

"அதுக்கப்புறம் வந்த திங்கக்கெழம மத்த மட்டமெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்றாள் ஜெனி.

அதுவும் நன்றாக நினைவிருந்தது. எப்படி மறக்கும்? அப்படி ஒரு திங்கட்கிழமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மாணிக்கம் அண்ணன் கடைவீட்டில் இருந்தார். மற்ற ஏழு ஆசாரிகளும் வந்தார்கள். ஏழு மட்டமும் தப்பு. லாரியில் குலுங்கிக் கெட்டுவிட்டன, மடியில் வந்தது மட்டும் பிழைத்தது என்று முதலாளி சொன்னார். பாதி நாள் பட்டறை முழுக்க அரம் ராவும் சத்தம். பல் கூசியது. நான்தான் நோட்டில் எழுதினேன். நுனி, நுனி, நுனி. வரிசையாக ஏழு தடவை.

"ஏழும் ஒரே பக்கமாவாம்மா?"

"ஆமா. ஏழும் நுனியிலதான்."

அவள் இழுப்பறையைத் தன் பக்கம் திருப்பி அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தாள்.

"ம்மா, குலுங்கிக் கெட்டா ஒண்ணு உள்ள சாயும், ஒண்ணு வெளிய சாயும். ஏழு பேரும் ஒரே மாதிரி தப்பா இருந்தா, தப்பு அந்த ஏழு பேருகிட்ட இல்ல."

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா? ஏழாவது தடவை 'நுனி' என்று எழுதும்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? நாங்கள் ஏழு நல்ல மட்டங்களை ராவிக் கெடுத்தோம். கெட்ட மட்டத்தால் கதவு செய்தோம். ஜியார்ஜ் டவுன் முழுவதிலும் அன்று எங்கள் கையில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல மட்டம் மாணிக்கம் அண்ணனுடையது. அதைப் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஒரு வாரம் சரியாகத் தூக்கமில்லை. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஜெனி சொன்னாள். அந்த மனிதர் மறந்திருப்பார், கிளறி என்ன ஆகப் போகிறது என்றேன் நான். "நான் தெனமும் கையெழுத்துப் போடறவம்மா. எனக்கு இப்படி ஒண்ணு நடந்தா என்ன செய்யணும்னு நீங்க சொல்லுவீங்க?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் ஜெனி ஓட்டிய காடியில் ஏறினேன். பெட்டி மடியில் இருந்தது. வழி முழுக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மாணிக்கம் அண்ணன் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமானில், வரிசை வீடு ஒன்றில் இருக்கிறார். அறுபத்தேழு வயது. தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "அட, பார்வைக்காரி. வாசல் கேட்டு நேராத்தான் இருக்கா, உள்ள வரலாமா?" என்றார். அந்தக் கேலிக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

அவர் மனைவி பார்வதி அக்கா கோப்பி கலக்கப் போனார். சமையல்கட்டுக் கதவு திறக்கவில்லை. பாதத்தால் அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்கித் திறந்தார். "பாத்தியா ரீத்தா, ஆசாரி வீட்டுக் கதவு. பதினெட்டு வருசமா இப்படித்தான்," என்றார். "குடி வந்த அன்னைக்கே இந்த மனுசன் நின்னு பாத்துட்டு, நெல கோணல்ன்னாரு. சரி, செய்யுங்கன்னேன். ஒடனே, இல்ல இல்ல, எங்கண்ணுதான் சரியில்லன்னுட்டாரு. அன்னையிலேருந்து ஒரு ஆணி அடிக்கச் சொன்னாலும் எந்தம்பியத்தான் கூப்புடுவாரு."

"கோப்பியக் கொண்டா மொதல்ல," என்றார் மாணிக்கம் அண்ணன்.

நான் பெட்டியைத் திறந்தேன். அவருக்கு அடையாளம் தெரிந்தது. கை நீட்டவில்லை. லாரியில் விழுந்ததை, ஏழு மட்டத்தை, இரண்டு கோட்டை எல்லாம் சொன்னேன். ஒரே மூச்சில், முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். முடித்ததும், "திருப்பிப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேண்ணே."

"அதக் குடு."

பார்வதி அக்கா கொண்டுவந்த கோப்பித் தட்டை நகர்த்திவிட்டு, தாள் ஒன்றை மேசை விளிம்போடு ஒட்டி வைத்தார். மட்டத்தை எடுத்தார். அவருடைய கட்டைவிரல் அந்தத் தேய்ந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு கோடு. திருப்பினார். இன்னொரு கோடு. தாளைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேருந்து ஓட்டிய வருடங்களைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கொடுத்துவிட்டுப் போன இழைப்புளியைக் கேட்பார் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப அந்த எட்டுச் சட்டமும் நேராத்தான் இருந்துச்சு," என்றார். குரல் அடியில் போயிருந்தது. "நேரா இருந்தத நானே சீவிக் கெடுத்துட்டேனே ரீத்தா. நாலு நாளு."

"அன்னைக்கு ஒங்க மட்டத்தத் திருப்பிப் பாத்திருக்கலாமேண்ணே," என்றேன். கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"தோணல. மொதலாளியோடது தப்பா இருக்கும்னு தோணவே இல்ல. எங்கண்ணு போச்சுன்னுதான் தோணுச்சு. டாக்டரு நல்லாருக்குன்னு சொல்லியும் நான் நம்பல. மட்டத்த நம்பினேன்." தாளை மடித்து வைத்தார். "கயிறு புடிச்சப்ப மட்டும் ஒரு நிமிசம் தோணுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் பயிற்சி செய்துகொண்டு போயிருந்தேன். அது இதற்குப் போதாது என்று பட்டது.

அவர் எழுந்தார். சமையல்கட்டு வாசலுக்குப் போய், நாலடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி அந்தக் கதவு நிலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பார்வதி, கயிறு இருக்கா?"

அக்கா ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை எடுத்து வந்தார். "இது இழுபடும். நூல் கயிறு கொண்டா," என்றார். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த நூலைச் சேர்த்துச் சுருட்டி வைத்திருந்தார் அக்கா. அதை எடுத்துக் கொடுத்தார். மாணிக்கம் அண்ணன் அதைப் பிரித்து, விரலில் இழுத்துப் பார்த்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"கீழ் மூலையில வச்சு அழுத்திப் புடி. விட்டுறாத."

நான் தரையில் மண்டியிட்டு மூலையில் அழுத்தினேன். அவர் மேலே எதிர்மூலைக்கு இழுத்துப் பிடித்து, நகத்தால் அடையாளம் வைத்துக்கொண்டார். பிறகு மறுபக்கம். நான் அடுத்த கீழ் மூலைக்கு நகர்ந்தேன். அவர் இழுத்தார். அவருடைய நகம் மூலையைத் தொடவில்லை. அதற்கும் மூலைக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இருந்தது. பார்வதி அக்காவும் பார்த்தார், ஜெனியும் பார்த்தாள். அளவுகோல் தேவைப்படவில்லை.

"கோணல்தான்," என்றார்.

அவர் கயிற்றைத் தளர்த்தவும் இல்லை, கையை இறக்கவும் இல்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முழங்கால் வலித்தது. விடச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானும் விடவில்லை.